பழைய புல்லி

பாலமுரளிக்கு வாய் கொஞ்சம் நீளம். அதை அவன் ஒரு குறையாக நினைத்ததே இல்லை. கல்யாண வீடோ கருமாதி வீடோ, நாலு பேர் சுற்றி நிற்க அவன் ஒன்று சொல்ல வேண்டும், எல்லாரும் சிரிக்க வேண்டும். சிரித்துவிட்டால் பந்தியில் இடம் கிடைக்காவிட்டாலும் அவனுக்குக் கவலையில்லை. மதுரை சிம்மக்கல்லில் சுங்குடிச் சேலை மொத்த வியாபாரக் கடை ஒன்றில் பதினெட்டு வருஷமாக மேனேஜர். முதலாளி கடுகடுவென்று வந்தால்கூட முரளி ஒரு வார்த்தையில் சிரிக்க வைத்துவிடுவான் என்று கடையில் பேர் வாங்கியிருந்தான். நுணலும் தன் வாயால் கெடும் என்று பெரியவர்கள் சொன்னதெல்லாம் வேறு யாருக்கோ என்றுதான் நாற்பத்து நான்கு வயது வரை இருந்துவிட்டான்.

அவனிடம் இருந்தது இரண்டு கை மாறி வந்த சின்னக் கார். அது திடீரென்று ஒரு நாள் காலையில் ஸ்டார்ட் செய்ததும் நாய்க்குட்டியின் வாலை மிதித்த மாதிரி கத்த ஆரம்பித்தது. தெருவில் எல்லா வீட்டு ஜன்னலும் திறந்தது. கடையின் லோடு ஆட்டோக்காரர், காளவாசலில் செல்வக்குமார் என்று ஒரு மெக்கானிக் இருக்கிறான், பேச்சு குறைவு, வேலை சுத்தம் என்று சொல்லி அனுப்பினார்.

செல்வக்குமாருக்கு முப்பத்தைந்து வயது இருக்கும். தகரக் கொட்டகை, உள்ளே இரண்டு வண்டி நிற்கலாம். பானெட்டைத் தூக்கி, பெல்ட்டைக் கழற்றிப் போட்டுவிட்டு, வாட்டர் பம்ப்பின் முகத்தில் இருந்த இரும்புச் சக்கரத்தை விரலால் சுற்றிக் காட்டினான்.

"பம்ப்பு நல்லாத்தான்ணே இருக்கு. இந்தப் புல்லிதான் தேஞ்சு போச்சு. பெல்ட்டு ஓடுற பள்ளத்தப் பாருங்க, ஓரமெல்லாம் கத்தி மாதிரி ஆயிருச்சு. பெல்ட்டுக்குப் பிடிமானம் இல்ல, வழுக்குது. அதான் கத்துது. பெல்ட்ட மட்டும் மாத்துனா ஒரே மாசத்துல அதையும் தின்னுரும். ரெண்டையும் சேத்து மாத்திருவோம்."

பாலமுரளி குனிந்து பார்த்தான். அவனுக்குத் தெரிந்தது வட்டமாக ஒரு இரும்பு, அவ்வளவுதான். சேலையில் ஒரு முடிச்சு தப்பியிருந்தால் நாலடி தூரத்திலிருந்தே கண்டுபிடிப்பான். இது அவன் சரக்கு இல்லை. இருந்தாலும் எல்லாம் புரிந்த மாதிரி தலையை ஆட்டி வைத்தான்.

வியாழக்கிழமை வண்டியை விட்டான். வெள்ளிக்கிழமை வண்டி திரும்பி வந்துவிட்டது. சத்தம் போயே போய்விட்டது. சனிக்கிழமை முழுக்க அதைப் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தான்.

ஞாயிற்றுக்கிழமை திருமங்கலத்தில் அவன் மனைவி இந்துப்ரியாவின் சித்தி மகளுக்கு வளைகாப்பு. இந்துப்ரியா பட்டுப்புடவை, தலை நிறையப் பூ, மடியில் வளையல் தட்டு. திருப்பரங்குன்றம் தாண்டவில்லை, சத்தம் திரும்ப வந்துவிட்டது. முதலில் மெல்லிசாக, அப்புறம் ரோட்டில் போகிறவர்கள் திரும்பிப் பார்க்கிற மாதிரி. ஒரு சிக்னலில் பக்கத்தில் பைக்கில் நின்றவர், "என்ன சார், வண்டிக்குள்ள பன்னிக்குட்டியா?" என்று கேட்டார். ஊரைக் கேலி பேசியே பழக்கப்பட்டவனுக்குத் தன்னை ஒருவன் கேலி பேசினால் தாங்காது. வண்டியை ஓரம் கட்டிப் பானெட்டைத் திறந்தான். அடியில் துருவேறி, எண்ணெய்ப் பிசுக்கோடு ஒரு புல்லி தெரிந்தது. அதில் புதுசு என்று சொல்ல ஒரு இம்மியும் இல்லை.

"மாத்தவே இல்லை. பழசையே மாட்டி அனுப்பியிருக்கான்," என்றான் மனைவியிடம்.

வளைகாப்புக்குப் போகாமல் பாதி வழியிலேயே வண்டி காளவாசலுக்குத் திரும்பியது. வெயில் ஏறிக்கொண்டிருந்தது. கொட்டகையில் தங்கள் வண்டிக்காக இரண்டு பேர் காத்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் இருப்பதைப் பார்த்ததும் பாலமுரளிக்குத் தொண்டை இன்னும் கொஞ்சம் திறந்துகொண்டது.

"என்ன தம்பி, புல்லிய மாத்துனேன்னு சொன்னே. துருப்பிடிச்சு நாறிக் கெடக்கு?"

செல்வக்குமார் வந்து எட்டிப் பார்த்தான். "அது அடியில உள்ள கிராங்க் புல்லிண்ணே. அதுக்கு ஒண்ணும் இல்ல. நம்ம மாத்துனது மேல, இந்தா, கருப்பா இருக்குல்ல, இது."

"கருப்புப் பெயிண்ட் அடிச்சா புதுசு ஆயிருமா? யாருக்குக் காது குத்துற? சரி, அப்ப பழசு எங்க? சாமான் மாத்துனா பழசக் கையில குடுக்கணும்ல. அதான முறை?"

முறை அதுதான். எந்த ஒர்க்‌ஷாப்பாக இருந்தாலும் கழற்றிய பழைய சாமானை வண்டிக்காரர் கையில் கொடுத்துவிடுவார்கள். மாற்றியதற்கு அத்தாட்சி அது. அப்புறம் அவர் அதைக் குப்பையில் போட்டாலும் சரி, காயலான் கடையில் போட்டாலும் சரி.

"குடுத்துட்டேனேண்ணே," என்றான் செல்வக்குமார்.

"யார்ட்ட குடுத்த?"

"உங்க கையிலதான். வெள்ளிக்கிழம, உங்க கடை வாசல்ல வச்சு."

"என் கையிலயா?" பாலமுரளி இரண்டு கைகளையும் விரித்து, காத்திருந்தவர்களிடம் காட்டினான். "இந்தாங்க, பாத்துக்கங்க. என் கையில குடுத்தாராம். எனக்குத் தெரியாம என் கையில." காத்திருந்தவர்களில் ஒருவர் லேசாகச் சிரித்தார். அந்தச் சிரிப்பு போதும் அவனுக்கு.

செல்வக்குமார் பெல்ட்டைக் கட்டைவிரலால் அமுக்கிப் பார்த்தான். "பெல்ட்டு இளகியிருக்குண்ணே. அம்பது கிலோமீட்டர் ஓடுனதும் ஒருவாட்டி வாங்க, டைட் வச்சுத் தாரேன்னு அன்னைக்கே சொன்னேன்," என்று மட்டும் சொல்லிவிட்டு, ஸ்பேனரை எடுத்துக்கொண்டு குனிந்தான்.

அப்போதுதான் பாலமுரளி அந்த வார்த்தையைப் பேசினான்.

மதுரையில் சௌராஷ்டிரக் குடும்பங்களுக்கு ஒரு வசதி உண்டு. வெளியே தமிழ், தங்களுக்குள் தங்கள் மொழி. கடையில் பேரம் பேசும்போது, 'விலை ஜாஸ்தி, எழுந்திரு போகலாம்' என்பதைக் கடைக்காரர் முகத்துக்கு நேராகவே சொல்லிக்கொள்ளலாம். பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரரின் மூக்கைப் பற்றி அவர் பக்கத்திலேயே உட்கார்ந்து பேசலாம். வீட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு பேசுகிற மாதிரிதான். கதவுக்கு அந்தப் பக்கம் காது இருக்குமோ என்று பாலமுரளி ஒருநாளும் யோசித்ததில்லை.

கார் கதவில் சாய்ந்துகொண்டு, உள்ளே வியர்த்து வழிய உட்கார்ந்திருந்த இந்துப்ரியாவிடம் அவன் தங்கள் மொழியில் சொன்னது இது: "தாத்தா கன்னுக்குட்டியை ஓட்டிக்கிட்டுப் போனார், பேரன் புல்லியை ஓட்டிக்கிட்டுப் போறான். காலத்துக்குத் தகுந்த தொழில்."

செல்வக்குமாருக்குச் சொந்த ஊர் செக்கானூரணிக்கு அங்கிட்டு என்று ஆட்டோக்காரர் சொல்லியிருந்தார். அந்தப் பக்கத்து ஜனங்களைப் பற்றி, மாடு திருடுகிறவர்கள் என்று ஊருக்குள் சொல்லிச் சொல்லித் தேய்ந்துபோன பேச்சு அது. வெள்ளைக்காரன் காலத்தில் ஊர் ஊராக ஆண்பிள்ளைகளைக் கைரேகை வைக்கச் சொல்லி, ராத்திரி போலீஸ் ஸ்டேஷனில் வந்து படுக்கச் சொன்ன அநியாயத்தின் மிச்சம். அதில் ஒரு புல்லியைச் சேர்த்துச் சொன்னது மட்டும்தான் பாலமுரளியின் கைவண்ணம். சொல்லி முடித்ததும் அது நன்றாக வந்திருப்பதாக அவனுக்கே பட்டது.

இந்துப்ரியாவுக்கு எரிச்சலிலும் சிரிப்பு வந்துவிட்டது. வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். ஸ்பேனர் சத்தம் ஒரு கணம் நின்று, திரும்பத் தொடர்ந்தது.

"இனிமே சத்தம் வராதுண்ணே," என்று செல்வக்குமார் பானெட்டை இறக்கினான். முகத்தில் ஒன்றும் இல்லை. "அடுத்த தடவை வண்டிய வேற எங்கயாச்சும் காட்டிக்கங்க."

குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்று பாலமுரளி நினைத்துக்கொண்டான்.

அதோடு விட்டிருந்தாலும் பரவாயில்லை. நல்ல வார்த்தை ஒன்று வந்துவிட்டால் அதை ஒரே ஒரு ஆளுக்குச் சொல்லிவிட்டு விடுகிறவனா அவன்? அவர்கள் தெருவுக்கு வாட்ஸ்அப்பில் ஒரு குரூப் இருந்தது. நூற்று எண்பது பேர். அவர்கள் மொழியைப் பேசத்தான் எல்லாருக்கும் தெரியும், எழுத முக்கால்வாசிப் பேருக்குத் தெரியாது. அதனால் குரூப்பில் எல்லாம் வாய்ப்பேச்சுதான். காளவாசல் சிக்னலில் நிற்கும்போதே போனை வாயருகில் வைத்துப் பேசி அனுப்பினான். கொட்டகை எங்கே இருக்கிறது, மெக்கானிக் பேர் என்ன, பழசையே மாட்டிக் கொடுத்த கதை, கடைசியில் அந்தக் கன்னுக்குட்டி. நாற்பது விநாடி. பக்கத்தில் இந்துப்ரியா இரண்டாவது தடவையாகச் சிரித்ததும் அதில் விழுந்திருந்தது. வீடு போய்ச் சேர்வதற்குள் சிரிப்பு முகங்கள் அறுபதைத் தாண்டிவிட்டன. வண்டியும் வழியில் ஒரு சின்னச் சத்தம்கூடப் போடவில்லை. பயந்து போய் இப்போது ஒழுங்காக மாட்டிவிட்டான் என்று அதற்கும் ஒரு விளக்கம் வைத்திருந்தான்.

புதன்கிழமை மத்தியானம். கடையில் கூட்டம் இல்லை. மேலே ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது. திருச்சி வியாபாரி ஒருவருக்கு அனுப்பிய சரக்குச் சீட்டைத் தேடி, மேஜைமேல் இருந்த காகிதக் கட்டிலிருந்து ஒன்றை உருவினான். காகிதம் பறக்காமலிருக்க மேலே பாரம் ஒன்று வைத்திருந்தது. அதன் ஓரம் சுண்டுவிரலைக் கீறிவிட்டது. ரத்தம் துளிர்த்தது. விரலை வாயில் வைத்துக்கொண்டு, எது கீறியது என்று பார்த்தான்.

வட்டமாக ஒரு இரும்பு. நடுவில் ஒரு பெரிய ஓட்டை, அதைச் சுற்றி நாலு சின்ன ஓட்டை. விளிம்பைச் சுற்றி ஒரு பள்ளம், பெல்ட் ஓடி ஓடிக் கண்ணாடி மாதிரி பளபளத்தது. பள்ளத்தின் ஓரம் தேய்ந்து தேய்ந்து மெலிந்திருந்தது.

ஓரமெல்லாம் கத்தி மாதிரி ஆயிருச்சு.

"சோணையம்மா," என்று கூப்பிட்டான். "இது ஏது?"

கடையைக் கூட்டித் துடைக்கும் சோணையம்மாள் துடைப்பத்தோடு வந்தாள். "என்னைக் கேக்குறீக? நீங்கதான வெள்ளிக்கிழம போன் பேசிக்கிட்டே கொண்டாந்து டேபிள்ல வச்சீக. பேப்பர்ல சுத்தி இருந்துச்சு. ரெண்டு நாளா அப்படியே கெடந்துச்சேன்னு திங்கக்கிழம நான்தான் பிரிச்சேன். சரி, பேப்பரு பறக்காம இருக்கட்டும்னு தூக்கி வச்சேன். ஏன், முக்கியமான சாமானா?"

வெள்ளிக்கிழமை இப்போது முழுசாக ஞாபகத்துக்கு வந்தது. கடை வாசலில் வண்டி, டவுன் பஸ் ஹாரன், காதில் போன், அந்தப் பக்கம் அதே திருச்சி வியாபாரி. செல்வக்குமார் சாவியை நீட்டினான், வாங்கிக்கொண்டான். தினத்தாளில் சுற்றிய கனமான பொட்டலம் ஒன்றை நீட்டினான், அதையும் வாங்கிக்கொண்டான். அவன் உதடு அசைந்தது. அம்பது கிலோமீட்டர் என்று என்னமோ கேட்டது. பாலமுரளி சரி சரி என்று தலையை ஆட்டிவிட்டு, போனில் இருந்தவரைச் சிரிக்க வைப்பதில் மும்முரமாக இருந்தான்.

திங்கள், செவ்வாய், புதன். மூன்று நாளாக அது அவன் மூக்குக்கு நேரே உட்கார்ந்திருக்கிறது. அதன் பக்கத்தில் டீ கிளாஸை வைத்துக் குடித்துக்கொண்டேதான் புல்லி கதையைக் கடைக்கு வந்த நாலு பேரிடம் சொன்னான். கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்தவனையாவது மன்னித்துவிடலாம். அவன் பக்கத்து வீட்டுக்காரனைத் திருடன் என்று சொல்லவில்லை.

முகம் சுட்டது. சோணையம்மாள் இன்னும் பதிலுக்காக நின்றுகொண்டிருந்தாள். அவளை நிமிர்ந்து பார்க்கக்கூட அவனுக்கு வெட்கமாக இருந்தது.

மனைவிக்குப் போன் செய்தான். அவள் முழுக்கக் கேட்டுக்கொண்டாள். பிறகு, "புல்லியை எடுத்துக்கிட்டுப் போய், மறந்துட்டேன்னு சொல்லி மன்னிப்புக் கேட்டுட்டு வாங்க," என்றாள்.

"அந்தப் பேச்சு?"

"அது அவருக்கு எங்கே தெரியப் போகுது? நம்ம பாஷையில்தானே சொன்னீங்க." போனை வைப்பதற்கு முன், "நானும்தான் சிரிச்சுத் தொலைச்சேன்," என்றாள்.

அவனும் அதையேதான் நினைத்திருந்தான். புல்லிக்கு மன்னிப்புக் கேட்டாக வேண்டும். கன்னுக்குட்டிப் பேச்சு செல்வக்குமாருக்குத் தெரியாது. குரூப்பில் போட்டதை யாரும் ரெண்டு நாளைக்கு மேல் ஞாபகம் வைத்திருக்க மாட்டார்கள். விழுந்தது விழுந்தாயிற்று, மீசையில் மண் ஒட்டாமல் எழுந்துவிடலாம். அப்படி நினைத்த உடனே நெஞ்சுக்குள் ஒரு ஓரத்தில் அசிங்கமாகவும் இருந்தது. பள்ளிக்கூடத்தில் பையன்கள் அவனுடைய மொழியை வைத்து, வாயைக் கோணிக் கேலி செய்த காலம் ஒன்று உண்டு. ஒரு வருஷம் முழுக்க வகுப்பில் வாயே திறக்காமல் இருந்திருக்கிறான். அப்புறம்தான், நாம் முந்திக்கொண்டு மற்றவனைக் கேலி செய்துவிட்டால் நம்மை விட்டுவிடுவார்கள் என்று கண்டுபிடித்தான். இந்த வாய் அங்கே பிறந்த வாய்.

நாலு மணிக்குக் காளவாசலில் இருந்தான். கொட்டகையில் வேறு வண்டி இல்லை. செல்வக்குமார் தரையில் உட்கார்ந்து ஏதோ ஒரு பம்ப்பைப் பிரித்துக்கொண்டிருந்தான். பாலமுரளி புல்லியை இரண்டு கையாலும் நீட்டினான்.

"செல்வம், இது என்கிட்டதான் இருந்துச்சு. கடை டேபிள்லயே. நான் போன்ல இருந்தேன், வாங்கி வச்சது மறந்தே போச்சு. அன்னைக்கு ரொம்பப் பேசிட்டேன். மன்னிச்சுக்கங்க."

செல்வக்குமார் புல்லியைப் பார்த்தான். அவனைப் பார்த்தான். "பரவாயில்லண்ணே. மறதி யாருக்கும் வாரதுதான். உக்காருங்க," என்று ஸ்டூலைக் காட்டினான்.

இவ்வளவுதானா என்று இருந்தது பாலமுரளிக்கு. நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்தது சட்டென்று இறங்கிவிட்டது. ஸ்டூலில் உட்கார்ந்து, புல்லியை ஒர்க்‌ பெஞ்சில் வைத்துவிட்டு, ஏதாவது சிரிக்கிற மாதிரி ஒன்று சொல்லலாமா என்று வாயைத் திறந்தான்.

செல்வக்குமாரின் போன் அடித்தது. புறங்கையால் பச்சையைத் தள்ளிவிட்டு, காதுக்கும் தோளுக்கும் இடையில் வைத்துக்கொண்டான். பேசினான்.

முதல் வார்த்தை விழுந்ததும் பாலமுரளி ஏதோ தன் காதுதான் கோளாறு என்று நினைத்தான். இரண்டாவது வார்த்தையும் அப்படியே விழுந்தது. அது அவன் வீட்டு மொழி. கற்றுக்கொண்டு தட்டுத்தடுமாறிப் பேசுகிற பேச்சு இல்லை. அடுப்படியில் பேசுகிற பேச்சு, சின்ன வயதிலிருந்து பேசுகிறவன் இழுக்கிற இழுப்பு.

"சொல்லுங்க கார்த்திகேஷ் அண்ணா... ஆமா... கேட்டேன். எனக்கும் யாரோ அனுப்பிவிட்டாங்க... இல்லண்ணா, நீங்க சங்கடப்பட வேண்டாம். வேன் ரெண்டையும் வேற இடத்துலயே பார்த்துக்கங்க. பிள்ளைகளை ஏத்துற வண்டி, மனசுல ஒரு சந்தேகத்தை வச்சுக்கிட்டு ஓட்டக் கூடாது... சரிண்ணா. அக்காவைக் கேட்டதாச் சொல்லுங்க."

கார்த்திகேஷ் பாலமுரளியின் தெருதான். பள்ளிக்கூட வேன் இரண்டு ஓட்டுகிறவர். அறுபது சிரிப்பு முகங்களில் ஒன்று அவருடையது.

செல்வக்குமார் போனை வைத்துவிட்டுப் பம்ப்பை எடுத்துக்கொண்டான். வெளியே பஸ்கள் திரும்பிக்கொண்டிருந்தன.

"உங்களுக்கு எங்க பாஷை தெரியுமா?" என்று கேட்டான் பாலமுரளி. கேட்கத் தேவையே இல்லாத கேள்வி.

"தெரியும்ணே."

"எம்புட்டுத் தெரியும்?"

"அம்புட்டும் தெரியும்ணே." செல்வக்குமார் ஒரு போல்ட்டைத் துடைத்துக் காகிதத்தில் வைத்தான். "எங்கம்மா கிருஷ்ணாபுரத்துல ஒரு சாயப்பட்டறையில வேல பாத்துச்சு. அந்தக் காம்பவுண்டுலயேதான் இருந்தோம். பத்தாப்பு வரைக்கும் எனக்கு வெளாட்டு, சண்ட, எல்லாம் உங்க பாஷதான். எங்கம்மா இன்னைக்கும் கோவம் வந்தா அதுலதான் வையும்."

"அன்னைக்கு நான்..." என்று ஆரம்பித்தான் பாலமுரளி. வாழ்நாளில் முதல் தடவையாக, இருக்கிற இரண்டு மொழியிலும் அவனுக்கு ஒரு வார்த்தை கிடைக்கவில்லை.

"எங்க தாத்தா நல்லகாமன்னு பேரு," என்றான் செல்வக்குமார். குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் பாலமுரளிக்கு வசதியாக இருந்திருக்கும். "ஆறு மாடு வச்சிருந்தாரு. அம்புட்டும் அவரு வளத்தது. வேற ஒண்ணும் இல்லண்ணே. அந்தப் பதிவுல உங்க வீட்டம்மா சிரிச்ச சத்தம் கேட்டுச்சா, அத எங்கம்மாவும் கேட்டுருச்சு. யாருடா இதுன்னு கேட்டுச்சு. தெரிஞ்ச ஆளுதான்னு சொன்னேன்."

பாலமுரளி ஸ்டூலை விட்டு எழுந்துவிட்டான். நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. அவசரமாகப் போனை எடுத்து, குரூப்பைத் திறந்து, ஞாயிற்றுக்கிழமைக்கு மேலே தள்ளிப் போய், அந்த நாற்பது விநாடியை அழுத்திப் பிடித்தான். அழிக்கவா என்று கேட்டது. அழி என்று தட்டினான். எல்லாருக்கும் அழிக்கிற வழி இல்லை, நாள் கடந்துவிட்டது. தனக்கு மட்டும் அழித்துக்கொள்ளலாம் என்றது. அதாவது நூற்றுச் சொச்சம் பேர் போனிலும் அது இருக்கும், யார் யாருக்கோ அனுப்பியவர்கள் போனிலும் இருக்கும், செல்வக்குமாரின் அம்மா காதிலும் இருக்கும். அவன் கண்ணில் மட்டும் படாது. அந்த வழிக்குத்தான் அவன் மத்தியானத்திலிருந்து ஆசைப்பட்டுக்கொண்டிருந்தான்.

அதை அழுத்தவில்லை. போனை வாயருகில் கொண்டுபோய், தங்கள் மொழியில் பேச ஆரம்பித்தான். "எல்லாருக்கும் வணக்கம், முரளி பேசுறேன். ஞாயிற்றுக்கிழமை நான் போட்ட விஷயத்துல ஒரு சின்னக் குழப்பம் ஆயிருச்சு. அந்தப் புல்லி கிடைச்சிருச்சு. அதனால யாரும் அதைப் பெரிசா..."

செல்வக்குமார் நிமிரவில்லை. கையில் இருந்த பம்ப்பைப் பார்த்துக்கொண்டே அதே மொழியில், மெதுவாகச் சொன்னான்: "அண்ணா, புல்லி தொலையவே இல்லையே, கிடைக்கிறதுக்கு."

பாலமுரளி கட்டைவிரலால் அந்தப் பதிவைத் தள்ளி ரத்து செய்தான். சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டான். எதிரே ஆணியில் வரிசையாக ஸ்பேனர்கள், பெரியதிலிருந்து சிறியது வரை. அவற்றைப் பார்த்துக்கொண்டு மறுபடி ஆரம்பித்தான்.

"முரளி பேசுறேன். ஞாயிற்றுக்கிழமை நான் சொன்னது பொய். காளவாசல் செல்வக்குமார் புல்லியை மாத்தித்தான் கொடுத்தார். பழசை என் கையிலேயே கொடுத்தார். நான் வாங்கி என் மேஜையில வச்சுட்டு, அவரை நாலு பேருக்கு முன்னால திருடன்னேன். வண்டி சத்தம் போட்டதுக்கும் காரணம் நான்தான், அவர் வரச் சொன்னப்ப வரலை." மூச்சு வாங்கியது. இங்கே நிறுத்திவிடலாம் என்று உள்ளே ஒருவன் சொன்னான். முதுகுக்குப் பின்னால் போல்ட் துடைக்கிற சத்தம் நின்றிருந்தது. "அவர் ஊரை வச்சு, தாத்தாவை வச்சு ஒரு பேச்சுப் பேசினேன். நீங்களும் சிரிச்சீங்க. அது அசிங்கமான பேச்சு. நான் அதைப் பேசும்போது அவர் ரெண்டடி தள்ளி நின்னு என் வண்டியைச் சரி பண்ணிக்கிட்டு இருந்தார். அவருக்கு நம்ம பாஷை தெரியும். நான் பேசினது முழுக்க அவருக்குப் புரிஞ்சிருக்கு. புரிஞ்சும் பெல்ட்டை ஒழுங்கா இறுக்கித்தான் அனுப்பினார். கார்த்திகேஷ் அண்ணா, உங்க வேனை அவர்கிட்டயே விடுங்க."

அனுப்பினான். நீளமான பதிவு. சிரிப்பு எதுவும் அதில் இல்லை. திரை கொஞ்ச நேரம் சும்மா இருந்தது. பிறகு யார் யாரோ கேட்டுக்கொண்டிருப்பது தெரிந்தது. ஒருவரும் ஒன்றும் போடவில்லை.

திரும்பினான். "மன்னிச்சிருங்க செல்வம்."

புல்லிக்குச் சொன்ன மாதிரி இதற்குப் பரவாயில்லை என்று செல்வக்குமார் சொல்லவில்லை. கேட்டுக்கொண்டான். எழுந்து பெஞ்சுப் பக்கம் போய்க் கையைத் துடைத்தான்.

அவனை நிமிர்ந்து பார்க்கத் தெம்பில்லாமல் பாலமுரளி, "அது இங்கயே கெடக்கட்டும். நான் போறேன்," என்று சொல்லிவிட்டு வாசலுக்கு நடந்தான்.

"அண்ணே, ஒரு நிமிசம்."

செல்வக்குமார் பழைய தினத்தாள் ஒன்றைக் கிழித்து, புல்லியை நடுவில் வைத்து, ஓரம் கையைக் கிழிக்காதபடி இரண்டு சுற்றுச் சுற்றினான். வெள்ளிக்கிழமையும் இப்படித்தான் சுற்றியிருப்பான். கொண்டுவந்து பாலமுரளியின் கையில் வைத்தான். அவன் விரல்கள் மூடும் வரை தன் கையை எடுக்கவில்லை.

"எடுத்துட்டுப் போயிருங்கண்ணே," என்றான் தமிழில். "அடுத்தவங்க சாமான நான் வச்சுக்கிறதில்ல."

பாலமுரளி காருக்குள் ஏறினான். பொட்டலத்தைப் பக்கத்து சீட்டில், ஞாயிற்றுக்கிழமை இந்துப்ரியா உட்கார்ந்து சிரித்த இடத்தில் வைத்தான். சாவியைத் திருகும்போது, பெல்ட் ஒரு தடவை கத்தித் தொலைக்காதா என்று மனசுக்குள் கெஞ்சினான். செல்வக்குமாரின் வேலையில் ஒரு சின்னக் குறை போதும், கொஞ்சம் நிமிர்ந்து உட்காரலாம். வண்டி ஒரு முணுமுணுப்பும் இல்லாமல் கிளம்பியது.